பாங்காக் அரண்மனை இன்றைக்கு மூடியிருக்கிறது என்று யாராவது சொன்னால்

பாங்காக் கிராண்ட் பேலஸ் பார்க்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அரண்மனை திறந்திருக்கிறதா இல்லையா என்பதை டிக்கெட் கவுன்ட்டரில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். வழியில் நிற்கிற ஆள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பழைய நகரத்தில் நடக்கிற ஏமாற்று வேலையில் பெரும்பாதி, நீங்கள் அந்தக் கவுன்ட்டரை அடைவதற்குள் உங்களை வேறு பக்கம் திருப்பிவிடுவதில்தான் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அவர்களுக்கு உங்களிடம் வேலை இல்லை.

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசர். பட்டன், லேஸ், ரிப்பன் சாம்பிள் பார்க்க பாங்காக் சைனா டவுனில் இருக்கும் சாம்பெங் சந்துக்குப் போகிற வேலை வரும். அது முடிந்த மிச்ச நேரம் கோயில், அரண்மனை என்று சுற்றுவேன். சில சமயம் சொந்தக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஒருமுறை சித்தியும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். அரண்மனையின் வெள்ளை மதில் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்தில் ஏதோ அடையாள அட்டை, கையில் மடித்த வரைபடம் என்று ஒருவர் எதிரே வந்து கும்பிட்டார்.

"க்ளோஸ்டு, மேடம். மார்னிங், மாங்க்ஸ் ப்ரேயர். ஆஃப்டர் ஒன் ஓ'க்ளாக், ஓப்பன்."

சித்தி நின்றுவிட்டார். "என்ன கண்ணு, மூடிட்டாங்களாமா? வெயில்ல இத்தனை தூரம் வந்தோமே."

அந்த மனிதர் அதற்குள் வரைபடத்தை விரித்துப் பேனாவால் வட்டம் போட ஆரம்பித்துவிட்டார். நிற்கிற புத்தர், அதிர்ஷ்ட புத்தர், அப்புறம் "கவர்ன்மென்ட் எக்ஸ்போர்ட் சென்டர், டுடே லாஸ்ட் டே". மூன்று இடத்துக்கும் சேர்த்து துக் துக், அதாவது அந்த ஊர் ஆட்டோ, நாற்பது பாட்தானாம் (பாட் தாய்லாந்துப் பணம்). வண்டியும் அவருக்குப் பின்னால் தயாராக நின்றது.

"நல்ல மனுசனாட்டந்தான் தெரியுது" என்றார் சித்தி.

"இருக்கட்டும் சித்தி. கேட்டு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தறலாம். மூடியிருந்தா இவரு இங்கயேதான இருக்கப் போறாரு."

கேட்டில் வரிசை நின்றது. ஒலிபெருக்கியில் அரண்மனை திறந்திருக்கிறது, வழியில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள் என்று ஆங்கிலத்தில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அதே எச்சரிக்கை பலகையிலும் இருக்கிறது. சித்தப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

கவனித்துப் பாருங்கள், அந்த ஆள் கையை நீட்டிக் காசு கேட்கவே இல்லை. உதவி செய்வது போலத்தான் பேசினார். சிலர் தங்களைப் பள்ளி ஆசிரியர் என்பார்கள், சிலர் அரண்மனை ஊழியர் என்பார்கள். பிக்குகள் பூஜை, புத்தர் விடுமுறை, அரச குடும்பம் வருகிறது என்று காரணம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். புத்தருக்கு விசேஷ நாள் என்றால் அன்றைக்குக் கோயிலில் கூட்டம் கூடும், நடையை எதற்குச் சாத்துவார்கள்? அரச விழாக்களுக்காக அரண்மனையை அல்லது சில மண்டபங்களை மூடுவது உண்மையிலேயே உண்டு. அந்தத் தேதிகள் அரண்மனையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இருக்கும், முந்தின நாள் இரவே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு தந்திரமும் இதோடு சேர்ந்தது. வண்டிக்காரர் உங்களைப் பக்கவாட்டுக் கதவு ஒன்றின் முன்னால் இறக்கிவிடுவார். அது சாத்தியே இருக்கிற கதவு. நீங்களே கண்ணால் பார்த்து மூடியிருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள். வெளிநாட்டுப் பயணிகள் போக வேண்டியது வடக்குப் பக்கம், நா ப்ரா லான் சாலையில் இருக்கும் விசெட் சாய் சி வாசல். இந்தப் பெயரை போன் வரைபடத்தில் குறித்து வைத்துக்கொண்டு நடந்தால் மற்ற கதவு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

யாரையும் வழி கேட்காமல் போவது

துக் துக் ஏறாமலேயே பழைய நகரத்துக்குப் போய்விடலாம். மெட்ரோ நீல வழித்தடத்தில் சனாம் சாய் என்று ஒரு நிலையம் 2019இல் திறந்தார்கள். நிலையத்துக்குள்ளேயே அரண்மனை மண்டபம் மாதிரி தூணும் வேலைப்பாடும் செய்திருக்கிறார்கள், இறங்கியதும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மேலே ஏறினால் வாட் போ கோயில் ஐந்து நிமிட நடை, அரண்மனை வாசல் இன்னும் பத்து நிமிடம். பிரதுனாம் பக்கம் தங்குகிறவர்கள், நம் ஊர் ஆட்கள் பெரும்பாலும் அங்கேதான், மக்கசான் வரை ஏர்போர்ட் ரயிலில் வந்து பக்கத்தில் உள்ள பெட்சபுரி நிலையத்தில் மெட்ரோ மாறலாம்.

ஆற்று வழியாகப் போக ஆசைப்பட்டால் பிடிஎஸ் என்கிற மேம்பால ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கி, கீழே சாத்தோர்ன் படகுத்துறைக்குப் போங்கள். துறைக்குப் போகும் வழியிலேயே மேசை போட்டு, லேமினேட் செய்த விலைப்பட்டியலோடு சிலர் கூப்பிடுவார்கள். அவர்கள் விற்பது தனிப் படகு, ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். நேராகத் தண்ணீர் வரை நடந்து, ஆரஞ்சுக் கொடி கட்டிய எக்ஸ்பிரஸ் படகில் ஏறுங்கள். எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட்தான், டிக்கெட்டை உள்ளே ஒரு அம்மா தகர உருளையைக் குலுக்கிக்கொண்டே வந்து கொடுப்பார். தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை, தா தியனில் இறங்கினால் வாட் போ. அலுவலக நேரத்தில் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

மனக்கணக்குக்கு ஒரு பாட் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அது நல்லதுக்குத்தான்.

உள்ளே போனபின்

அரண்மனை டிக்கெட் வெளிநாட்டவருக்கு 500 பாட். காலை 8:30 முதல் மாலை 3:30 வரை கொடுக்கிறார்கள். திறக்கும்போதே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயிலும் பேருந்துக் கூட்டமும் சேர்ந்துவிடும். உடை விஷயத்தில் கறாராக இருப்பார்கள். ஆண்களுக்கு முழுக்கால் பேன்ட், பெண்களுக்குக் கை வைத்த மேலாடை. கையில்லாத டாப்ஸ் மேல் துப்பட்டாவைப் போர்த்திச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், திருப்பி அனுப்புவார்கள். பருத்திச் சுடிதார் போட்டுக்கொண்டு போனால் ஒரு கேள்வியும் கிடையாது. வெளியே "இந்த டிரஸ்ஸுக்கு அனுமதி இல்லை" என்று சொல்லிப் பிடிக்கிறவர் துணி விற்கிறவர்தான்.

வாசலில் வழிகாட்டிகள் மொய்ப்பார்கள். உரிமம் பெற்றவர்கள் அதற்கான அட்டை வைத்திருப்பார்கள், வேண்டுமென்றால் அதைப் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் நமக்குத் தேவையில்லை. உள்ளே மரகத புத்தர் கோயிலைச் சுற்றி இருக்கிற பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம்தான், 178 ஓவியங்கள். தாய்லாந்தில் அதற்கு ராமகியன் என்று பெயர். ஏர் உழும்போது ஜனகர் சீதையைக் கண்டெடுக்கும் இடத்திலிருந்து கதை தொடங்குகிறது. பச்சை அரக்க முகத்தோடு பல தலைகளும் இருந்தால் இராவணன், வெள்ளைக் குரங்கு அனுமன். இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டால் போதும், பாதிச் சுவரை நாமே படித்துவிடலாம். ஆனால் கதை நம் கம்பராமாயணம் போல இருக்காது. இங்கே சீதை இராவணனின் மகள், அனுமனுக்குக் காதலிகள் உண்டு. சித்தி அந்தச் சுவரில் ஒரு மணி நேரம் நின்றார். தங்க மையால் வரைந்த அனுமன் வாய் பெரிதாகத் திறந்து ஒரு மண்டபத்தையே வாய்க்குள் வைத்திருக்கிற படத்தை விட்டு நகரவே இல்லை.

மரகத புத்தர் சிலை சிறியது, உயரம் 66 சென்டிமீட்டர்தான், எங்கோ உச்சியில் இருக்கும். கோடை, மழை, குளிர் என்று ஆண்டுக்கு மூன்று முறை அரசர் அதற்கு உடை மாற்றுகிறார். துணி வேலையில் இருப்பதால் எனக்கு அதைவிட, அரண்மனை வளாகத்திலேயே இருக்கிற அரசி சிரிகிட் ஜவுளி அருங்காட்சியகம்தான் பிடித்தம். அரண்மனை டிக்கெட்டிலேயே பார்க்கலாம், குளிர்சாதன வசதியும் உண்டு. பெரும்பாலோர் தெரியாமல் வெளியே வந்துவிடுகிறார்கள்.

வாட் போவில் படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம். காலடிக்குப் போய்ப் பாருங்கள், உள்ளங்காலில் 108 மங்கலக் குறிகளை முத்துச்சிப்பியில் பதித்திருக்கிறார்கள். முதுகுப் பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள், சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போகலாம். அந்தச் சத்தத்தில் கவனம் போய்விடும், கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே 300 பாட். தா தியனிலிருந்து ஐந்து பாட் படகில் ஆற்றைக் கடந்தால் வாட் அருண் கோயில், அதற்கு 200. பீங்கான் துண்டுகளால் பூவாகப் பதித்த கோபுரம் அது.

இன்னும் நேரமிருந்தால் மெட்ரோவில் அடுத்த நிலையம் சாம் யோட். அங்கிருந்து நடந்தால் சிவப்புத் தூண்களோடு ஒரு பெரிய ஊஞ்சல் சட்டம் தெரியும், பக்கத்திலேயே 1784இல் கட்டிய பிராமணர் கோயில். மார்கழியை ஒட்டி இங்கே நடக்கும் திரியம்பாவாய் சடங்கில் தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் ஓதுவது, உருமாறிப்போன நம் திருவெம்பாவை என்று அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் வழியில் மறிப்பவர்களும் குறைவு.

நாற்பது பாட் வண்டி எங்கே போகும்

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் லட்சக்கணக்கில் போகிறது. பக்கத்துத் தெருவுக்கே நூறு பாட் கேட்கிற துக் துக், அரை நாள் சுற்றுவதற்கு நாற்பது வாங்கினால் பெட்ரோலுக்குக் கூடக் காணாது. மீதியைக் கடைக்காரர் கொடுக்கிறார். ஆளைக் கொண்டுவந்து விட்டால் பெட்ரோல் கூப்பன், ஆள் வாங்கினால் கமிஷன்.

முதலில் ஒரு சின்னக் கோயில். கோயில் உண்மையானதுதான், அதனால் நம்பிக்கை வரும். அங்கே தற்செயலாக ஒருவர் உட்கார்ந்திருப்பார், பேச்சுக் கொடுப்பார். அரசாங்கமே ரத்தினக் கற்களை வரியில்லாமல் விற்கிறது, வருடத்தில் சில நாள்தான், நான் போன தடவை வாங்கிப்போய் ஊரில் இரண்டு மடங்குக்கு விற்றேன் என்பார். வண்டிக்காரர் சொன்னதும் மதிலோரம் நின்றவர் சொன்னதும் இவர் சொல்வதும் ஒத்துப்போகும். ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் நமக்கு நம்பத்தான் தோன்றும். அவர்கள் மூவரும் ஒரே ஆட்டத்தின் ஆட்கள்.

கடையில் நீலக்கல்லைக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது அசல் நீலக்கல்லாகவே இருக்கும், தரம் குறைந்தது, விலை பல மடங்கு. அசல் கல் என்பதால்தான் பிறகு புகார் கொடுப்பதும் சிக்கலாகிறது. "கஸ்டம்ஸில் தொல்லை வேண்டாம், நாங்களே பார்சலில் வீட்டுக்கு அனுப்புகிறோம்" என்பார்கள். அங்கேயே வேறு கடையில் காட்டி விலை விசாரித்துவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். ஊரில் போய் விற்று லாபம் பார்க்கலாம் என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். லாபம் இருந்தால் அவரே அனுப்பி விற்க மாட்டாரா?

தாய்லாந்து நிஜமாகவே ரத்தினக் கல் நாடு, அதனால்தான் இந்தக் கதை எடுபடுகிறது. சாந்தபுரி என்ற ஊரில் கல் சந்தையே இருக்கிறது. பாங்காக் சீலோம் பகுதியில் ரத்தினக் கல் நிறுவனம் ஒன்று இருக்கிறது, ஜிஐடி என்பார்கள், கல்லைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால் அந்தச் சோதனைக்குச் சம்மதிக்கிற கடையில் வாங்குங்கள். ஒரு துணுக்கு: தெற்கே கிராபி பக்கம் குவான் லுக் பாட் என்ற இடத்தில், தமிழ் பிராமி எழுத்து பொறித்த ஒரு பொற்கொல்லரின் உரைகல் கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுப் பழசு. அந்தக் காலத்திலேயே நம் ஆள் உரைத்துப் பார்க்கக் கல்லோடுதான் போயிருக்கிறார்.

இருபத்து நான்கு மணி நேர சூட்

ரத்தினக் கடைக்கு அடுத்தபடி வண்டி நிற்பது தையல் கடையில். இந்திய முகத்தைப் பார்த்ததும் இந்தியில் வரவேற்பார்கள், டீ வரும். இரண்டு சூட், இரண்டு சட்டை, ஒரு டை, ஒரே விலை, நாளைக்குக் கையில். துணி நூறு சதவீதம் காஷ்மீர் கம்பளி என்பார்கள்.

இது என் தொழில் என்பதால் சொல்கிறேன். துணியின் ஓரத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். வெளியே வந்து இரண்டு நூலை உருவி லைட்டரில் காட்டுங்கள். கம்பளி என்றால் மெதுவாகக் கருகும், முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பலை விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, கறுப்பாகக் கெட்டியான மணி போல உறையும், விரலில் நசுங்காது. இரண்டும் கலந்திருந்தால் நாற்றமும் வரும், மணியும் கட்டும். பட்டும் கம்பளி மாதிரிதான் கருகும், அதனால் தாய்ப் பட்டு என்று விற்கிற புடவைத் துணிக்கும் இதே சோதனை. துண்டு வெட்டித் தர மறுக்கிற கடையில் அளவு கொடுக்க வேண்டாம்.

ஒரே நாளில் முடிகிற கோட்டில் முன்பக்கத்துக்குள் பசை ஒட்டிய துணியை இஸ்திரி போட்டு ஒட்டியிருப்பார்கள். சில முறை டிரை கிளீனிங் போனால் நெஞ்சுப் பகுதியில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பசைக்குப் பதில் உள்ளே கான்வாஸ் துணி வைத்துத் தைத்த கோட்டின் மார்புத் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தால் நடுவில் இன்னொரு படலம் தனியாக நழுவும். நல்ல தையல்காரர்களும் பாங்காக்கில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் குறைந்தது இரண்டு முறை போட்டுப் பார்க்க வரச்சொல்வார்கள், மூன்று நான்கு நாள் கேட்பார்கள். பாங்காக்கில் இறங்கிய முதல் நாளே அளவு கொடுத்துவிடுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம், தேர்ந்தெடுத்த துணியின் துண்டைப் பில்லோடு ஸ்டேப்ளர் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். டெலிவரி அன்று அதை வைத்து ஒப்பிடலாம்.

மற்ற சில்லறை விஷயங்கள்: அரண்மனை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிற டாக்ஸி மீட்டர் போடாது. ஒரு தெரு தள்ளி நடந்து, ஓடிக்கொண்டிருக்கிற டாக்ஸியைக் கைகாட்டுங்கள், அல்லது கிராப், போல்ட் செயலியில் பிடியுங்கள். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். அரண்மனைக்கு எதிரே சனாம் லுவாங் மைதானத்தில் புறாவுக்குப் போடச் சொல்லிச் சோளப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்பார்கள், கையை மடக்கிக்கொள்ளுங்கள். கார்டு தேய்க்கும்போது ரூபாயா பாட்டா என்று மெஷின் கேட்டால் பாட் அழுத்துங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விகிதம். பட்டாயா போகிறவர்கள் ஜெட் ஸ்கீ எடுத்தால், ஏறுவதற்கு முன்னால் அதன் அடிப்பக்கம் வரை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்குத் திரும்பி வந்ததும் பணம் கேட்பது அங்கே பழைய வழக்கம். அடமானமாகப் பாஸ்போர்ட் மட்டும் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு உங்களுடன் வந்த யாராவது கல் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். விமானம் ஏறுவதற்குள் செய்தால்தான் பலன். சுற்றுலாக் காவல்துறை எண் 1155, இருபத்து நான்கு மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசலாம். பில், கார்டு ரசீது, கடையின் முகப்புப் புகைப்படம், முடிந்தால் துக் துக்கின் எண், இவற்றோடு போங்கள். காவலர் கூட வந்தால் கடைக்காரர் முழுப் பணம் இல்லாவிட்டாலும் ஒரு பகுதியைத் திருப்பித் தர வாய்ப்பு உண்டு. கல்லை ஏற்கெனவே பார்சலில் அனுப்பியிருந்தால், ரசீதிலுள்ள எண்ணைக் காட்டி அதை நிறுத்த முடியுமா என்று அன்றைக்கே அஞ்சலகத்தில் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியைக் கூப்பிட்டு, சொன்ன தரத்தில் பொருள் இல்லை என்று ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். அதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்பார்கள், அந்த ஜிஐடி சோதனை அறிக்கை அங்கேதான் கைகொடுக்கும்.